மின்சார சைக்கிளுக்கு மாற்று பேட்டரி: லெட்-ஆசிட், என்.எம்.சி., எல்.எஃப்.பி., செல் மாற்றம் – எது யாருக்கு?

புது பேட்டரி தேடுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 48 வோல்ட் லித்தியம் பேட்டரி (வழக்கமான என்.எம்.சி. வகை) முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்ட வேண்டும். 36 வோல்ட் என்றால் 42. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்த பிறகும் 51, 52-லேயே நின்றால், முதலில் சார்ஜரைத் தனியாக அளந்து பாருங்கள். சார்ஜர் சரியாக 54.6 கொடுக்கிறது என்றால், பேட்டரிக்குள் ஏதோ ஒரு செல் வரிசை மற்றவற்றை விட்டுப் பின்தங்கியிருக்கிறது. அடுத்து, முழு சார்ஜோடு ஒரு மேட்டில் ஏறிப் பாருங்கள். த்ராட்டிலைத் திருகியதும் 54 வோல்ட் 45-க்கு விழுந்து, கையை எடுத்ததும் மறுபடி 53-க்கு ஏறினால், செல்களின் உள்மின்தடை கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எதற்கு மாற்றுவது?

உங்கள் சைக்கிளில் இப்போது இருப்பது லெட்-ஆசிட் (ஈய-அமில வகை) என்றால், அதையே திரும்பப் போடுவதுதான் சுலபமான வழி. அதே பெட்டி, அதே சார்ஜர், வாங்கும்போது செலவும் குறைவு. ஆனால் 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். நான்கு சேர்ந்தால் 48 வோல்ட்டுக்குப் பதினாறு, பதினேழு கிலோ. அவ்வளவையும் சுமந்தும், மேலே எழுதியிருக்கும் 12 ஆம்பியர்-மணி முழுதாகக் கைக்கு வராது. லெட்-ஆசிட்டின் கொள்ளளவைப் பெரும்பாலும் மெதுவாகக் காலியாக்கித்தான் அளக்கிறார்கள். மோட்டார் வேகமாக இழுக்கும்போது கிடைப்பது கணிசமாகக் குறைந்துவிடும். தினமும் அடிவரை ஓட்டினால் 300 முதல் 500 சார்ஜ் சுற்றுக்குள் தளர்ந்துவிடும். சார்ஜ் இறங்கிய நிலையில் சில வாரம் கிடந்தாலே தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். எப்போதாவது மட்டும், சமதரையில், சிறு தூரம் ஓட்டுபவருக்கு இது போதும். அப்படி வாங்கினாலும் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய மூன்றோடு புதிதாக ஒன்றைக் கோத்தால் பழையவை சீக்கிரமே காலியாகி, புதியதன் பலன் கிடைக்காமலே போகும்.

லெட்-ஆசிட் வண்டிக்கு என் பரிந்துரை எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதற்கு எடையை விடப் பெரிய காரணம் வோல்ட்டேஜ் பொருத்தம். எல்.எஃப்.பி. செல் ஒன்று 3.2 வோல்ட், பதினாறைத் தொடராகக் கோத்தால் 51.2, முழு சார்ஜில் 58.4. நான்கு லெட்-ஆசிட் பேட்டரிகளும் சார்ஜ் ஆகும்போது கிட்டத்தட்ட 58 வோல்ட்டைத் தொடுகின்றன. ஆக, அந்த வண்டியின் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இந்த உயரத்தை ஏற்கெனவே பார்த்துப் பழகியதுதான். கீழ்ப்பக்கமும் இடிக்காது. லெட்-ஆசிட் கன்ட்ரோலர்கள் 42 வோல்ட் அருகில் மோட்டாரை நிறுத்தும், அப்போது எல்.எஃப்.பி. செல் ஒவ்வொன்றிலும் 2.6 வோல்ட் இருக்கும், ஆபத்தில்லாத அளவு. 36 வோல்ட் வண்டிக்குப் பன்னிரண்டு செல் வைத்தால் அதே கணக்கு அப்படியே பொருந்துகிறது. எடை பதினாறு கிலோவிலிருந்து ஆறு கிலோ அளவுக்கு இறங்கிவிடும். நல்ல செல் என்றால் 2000 சுற்றுக்கு மேல் தாங்கும்.

ஒரு குறை உண்டு. எல்.எஃப்.பி.யின் வோல்ட்டேஜ் பெரும்பகுதி நேரம் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டு, கடைசியில் சடாரென்று சரியும். அதனால் வோல்ட்டைப் பார்த்துக் கோடு காட்டும் பழைய டிஸ்பிளேயை நம்பினால் நடுவழியில் நின்றுவிடுவீர்கள். ஓடிய கிலோமீட்டரைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரைக் கூட்டிக் கழித்துக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்திவிடுங்கள்.

வண்டி முதலிலிருந்தே லித்தியத்தில் வந்தது, பேட்டரி சட்டகத்தின் சாய்குழாயில் ஒல்லியாக உட்கார்ந்திருக்கிறது என்றால் கதை வேறு. அங்கே எல்.எஃப்.பி.க்கு இடம் பத்தாது. அதே வாட்-மணிக்கு, அதாவது அதே அளவு மின்னாற்றலுக்கு, அது பருமனாகவும் கனமாகவும் இருக்கும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. செல்தான் அந்த இடத்துக்குச் சரி. 36 வோல்ட்டுக்குப் பத்து வரிசை, 48 வோல்ட்டுக்குப் பதின்மூன்று. என்.எம்.சி. கொதித்துக் கட்டுமீறும் வெப்பநிலை எல்.எஃப்.பி.யை விடக் குறைவு, அதனால் இதில் மலிவான சரக்கு வாங்கவே கூடாது.

பேட்டரி விற்பனையில் மிக அதிகமாகப் பொய் சொல்லப்படுவதும் இந்த வகையில்தான். ஆம்பியர்-மணியை ஸ்டிக்கரில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 18650 என்ற உருளைச் செல் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம்; அந்த அளவில் சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் நல்ல செல்லே 3.5 ஆம்பியர்-மணிதான் கொடுக்கும், எடை 45 முதல் 50 கிராம். 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிசையிலும் ஆறு செல், பதின்மூன்று வரிசைக்கு 78 செல். வெறும் செல் எடையே மூன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும், கூடு, பி.எம்.எஸ். (அதிக சார்ஜ், அதிக மின்னோட்டம் ஆகியவற்றிலிருந்து செல்களைக் காக்கும் மின்சுற்றுப் பலகை), ஒயர் எல்லாம் அதற்கு மேல். சற்றுப் பெரிய 21700 செல்லில் கட்டினாலும் எடை ஏறக்குறைய அதே. ஆகவே 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்று சொல்லி, மொத்த எடை மூன்று கிலோ என்று போட்டிருந்தால், அந்த விளம்பரத்தை அங்கேயே மூடிவிடுங்கள். செல்லின் தயாரிப்பாளர் பெயரையும் மாடல் எண்ணையும் கேளுங்கள். எல்.ஜி., சாம்சங், பானாசோனிக் என்று எழுத்தில் தருபவரிடம் பேசலாம். "கிரேடு ஏ செல்" என்று மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டு பேட்டரியை ஒப்பிடும்போது ஆம்பியர்-மணியை மட்டும் பார்க்காமல் வோல்ட்டோடு பெருக்கி வாட்-மணியைப் பாருங்கள். 36 வோல்ட், 13 ஆம்பியர்-மணி 468 வாட்-மணி. 48 வோல்ட், 10 ஆம்பியர்-மணி 480. ஸ்டிக்கரில் சின்னதாகத் தெரிவதில்தான் சரக்கு கொஞ்சம் கூடுதல். அதற்காக 36 வோல்ட் வண்டியில் 48 வோல்ட்டைப் போடச் சொல்லவில்லை. வண்டியின் வோல்ட் எதுவோ அதே வோல்ட்தான். அப்புறம் பி.எம்.எஸ். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். கன்ட்ரோலரில் எழுதியிருப்பதை விட அது கூடுதலாக இருக்க வேண்டும். 20 ஆம்பியர் கன்ட்ரோலரோடு 15 ஆம்பியர் பி.எம்.எஸ். சேர்ந்தால் ஒவ்வொரு மேட்டிலும் மின்சாரம் அறுந்துவிடும்.

போஷ் போன்ற நிறுவனங்களின் மோட்டார் வண்டிகளில் தேர்வே இல்லை. அந்த பேட்டரியும் மோட்டாரும் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும். அறிமுகமில்லாத பேட்டரியை வைத்தால் வண்டி கிளம்பாது. விலை உறைத்தாலும் நிறுவனத்தின் பேட்டரிதான் வழி.

அதைத் தாங்க முடியாதவர்கள் யோசிப்பது செல் மாற்றம்: பழைய கூடு, பழைய பி.எம்.எஸ்., உள்ளே மட்டும் புது செல். பொருளை வீணாக்காத நல்ல யோசனைதான், ஆனால் செய்பவரின் கைத்திறன்தான் எல்லாம். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில்தான் பிணைக்க வேண்டும். சால்டரிங் சூட்டில் செல்லின் உள்ளுறுப்பு சேதமாகும். சில நிறுவன பி.எம்.எஸ்.கள் செல் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், பிறகு கூடு வெறும் பெட்டிதான். உங்கள் மாடலை ஏற்கெனவே பிரித்து வெற்றிகரமாக மூடியவர் என்றால் கொடுங்கள். லேப்டாப்பிலிருந்து பிரித்த பழைய செல்லைப் போடுகிறேன் என்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நியூயார்க் நகரில் அடுத்தடுத்துத் தீ விபத்துகள் நடந்த பிறகு 2023-இல் சட்டமே போட்டார்கள்: அங்கீகரித்த ஆய்வகத்தில் யூ.எல். 2271 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்துக்குச் சோதித்துச் சான்று பெறாத பேட்டரியை விற்கக்கூடாது, பழைய செல்களைத் திரட்டிக் கட்டியதையும் விற்கக்கூடாது. நீங்கள் எங்கே இருந்தாலும் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

வகை மாறினால் சார்ஜரும் மாற வேண்டும். 48 வோல்ட் லெட்-ஆசிட் சார்ஜர் 58 வோல்ட் வரை தள்ளும், 54.6-இல் நிற்க வேண்டிய என்.எம்.சி. பேட்டரியில் அதைச் செருகினால், தீக்கும் உங்களுக்கும் நடுவே பி.எம்.எஸ். ஒன்றுதான் காவல். இரண்டு சார்ஜரின் செருகுமுனையும் பல வேளை ஒரே மாதிரி இருக்கும். அதனால் புது பேட்டரி வீட்டுக்கு வந்த அன்றே பழைய சார்ஜரை வேறு யார் கைக்கும் சிக்காதபடி எடுத்துவிடுங்கள்.