நண்டுக் கறிக்கு எந்த வைன்? கொழும்பில் நான்கு மேசைகள்

மாதம் ஒருமுறை அலுவலக வேலையாக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருகிறேன். இரண்டு இரவு, சில வேளை மூன்று. சாப்பாட்டுப் படி தருகிறார்கள். ஆனால் பற்றுச்சீட்டில் மதுபானத்தின் பெயர் ஒன்று தென்பட்டால், கணக்குப் பிரிவு அக்கா அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு இழுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே வைன் எப்போதும் என் சொந்தக் காசு. சொந்தக் காசில் குடிக்கிறவனுக்கு நாக்கு கொஞ்சம் கூர்மை.

அந்த நாக்கோடு நான்கு வழிகளை மாறி மாறிப் பார்த்திருக்கிறேன். நட்சத்திர ஹோட்டலில் ஒவ்வொரு வகைச் சாப்பாட்டுக்கும் ஒரு வைன் என்று வரிசையாக வரும் விருந்து, கோட்டையில் நண்டு, கொள்ளுப்பிட்டிப் பக்கம் முற்றத்தில் உட்கார்ந்து பன்றிக் கறி, கடைசியாக, வெள்ளவத்தைப் பார்சலை அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவது.

விருந்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஐந்து வகை, ஐந்து கிளாஸ். ஒவ்வொன்றையும் ஊற்றும்போது அது எந்த நாட்டுத் தோட்டத்தில் விளைந்தது, என்ன வாசனை வரவேண்டும் என்று பணியாளர் சொல்லித் தருவார். யோசிக்கும் வேலையை வேறொருவர் செய்து வைத்திருப்பது களைத்த மனிதனுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. வெள்ளை மீனும் வெண்ணெய்ச் சோஸும் வரும்வரை குறை ஒன்றும் இல்லை. வம்பு நான்காவது தட்டில் தொடங்கும். சமையற்காரருக்குத் திடீரென்று ஊர்ப்பற்று வந்துவிடும். ஆட்டிறைச்சியின் மேல் கொச்சி மிளகாய்ச் சாந்து. பக்கத்தில் 14.5 சதவீத மதுசாரம் கொண்ட ஷிராஸ் என்ற கனத்த சிவப்பு வைன்.

அந்த இரவை மறக்கவில்லை. ஹோட்டலின் பெயர் வேண்டாம். முதல் மிடறிலேயே உதடு எரிந்தது, இரண்டாவதில் காது சூடானது. எதிரே இருந்த வாடிக்கையாளர் அதை ரசிக்கிறேன் என்று நினைத்து எனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். காரணம் எளிது. மிளகாய் வாயில் தூண்டுகிற அதே நரம்பு முனைகளை மதுசாரமும் தூண்டுகிறது. சிவப்பு வைனில் உள்ள துவர்ப்பு அந்த எரிச்சலின் மேல் நாக்கை வறளவும் வைக்கிறது. மிளகாய்க்கு முன்னால் கனத்த சிவப்பு வைனை வைப்பது அடுப்பில் நெய் விடுவது போல.

கணக்கையும் பாருங்கள். கிளாஸுக்கு 100 மில்லிலீற்றர் என்றால் ஐந்து கிளாஸ் அரை லீற்றர், அதாவது 750 மில்லிலீற்றர் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு. மறுநாள் காலை எட்டரைக்குக் கூட்டம். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். அவற்றைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கு மேல் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி. வற் வரி 2024 ஜனவரியில் 15இல் இருந்து 18 சதவீதமாக ஏறியது. 10,000 ரூபாய் என்று பார்த்து உட்கார்ந்தால் 12,980 ரூபாயோடு எழும்ப வேண்டும். யாராவது அழைத்தால் இந்த விருந்துக்குப் போவேன். வெள்ளிக்கிழமையில் அழைத்தால் அதுவும் இல்லை. மரக்கறி மட்டும் என்றதும் அந்த வரிசையே குலைந்துவிடும்.

நண்டுக்கு வருகிறேன். கோட்டையில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். தடித்த சுவர், தாழ்ந்த ஓட்டுக் கூரை, நடுவே முற்றம். அங்கே 2011இல் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் குமார் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் சேர்ந்து தொடங்கிய உணவகம் மினிஸ்ட்ரி ஒஃப் கிராப். அரைக் கிலோவில் இருந்து இரண்டு கிலோவரை நண்டு எடைப்படி வருகிறது. இலங்கையின் பெரிய களப்பு நண்டு நெடுங்காலமாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறிப்போய் அங்கே புகழ் தேடிக்கொண்டிருந்தது. நம் நண்டை நம் ஊரிலேயே நல்ல விலைக்கு விற்கலாம் என்று காட்டிய கடை இது. விலை நல்ல விலைதான், எனக்கல்ல, அவர்களுக்கு. பெரிய நண்டை இரண்டு பேர் பங்குபோட்டால் மனம் ஆறும்.

இங்கே வைனைத் தேர்வது வேறு விதமான வேலை. ஒரே நண்டு, ஆனால் மிளகு நண்டுக்கும் பூண்டு மிளகாய் நண்டுக்கும் ஒரே போத்தலை வாங்கினால் ஒன்றில் தோற்போம். மிளகின் காரம் மூக்கில் ஏறும். மிளகாயைப்போல நாக்கில் நெடுநேரம் தங்கி எரிப்பதில்லை. அதனால் மிளகு நண்டு, இனிப்பே இல்லாத ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனைத் தாராளமாகத் தாங்குகிறது. நண்டுச் சதையின் இனிப்பை அந்த வைனின் புளிப்பு தூக்கிக் காட்டும். பூண்டும் மிளகாய்த் துகளும் எண்ணெயுமாக வருகிற நண்டுக்கு நியூசிலாந்துச் சோவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை வைன் பொருந்துகிறது. பச்சை இலை வாசனை பூண்டோடு சண்டை போடுவதில்லை. நுரைக்கும் வைன் நண்டுக்கு அருமை என்று பலர் சொல்வார்கள். சொல்கிறவர்கள் முள்ளுக்கரண்டியால் சாப்பிடுகிறவர்களாக இருக்க வேண்டும். கையால் கால் உடைத்து உறிஞ்சிச் சாப்பிடுகிறவனின் உதட்டில் எண்ணெய் இருக்கும். அது கிளாஸின் விளிம்பில் படியும், எண்ணெய் பட்டால் நுரை சட்டென்று அடங்கிவிடும். இரண்டாவது மிடறில் நீங்கள் குடிப்பது விலை கூடிய சோடா.

வலது கை முழுக்கக் குழம்பு, இடது கையில் கிளாஸின் தண்டு. இந்தக் கோலத்தில் யாரோடு உட்கார முடியும் என்பதும் ஒப்பீட்டில் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். முதன்முறை சந்திக்கிற மேலதிகாரியை நண்டுக்கு அழைக்காதீர்கள். மூன்றாவது முறை சந்திக்கிறவரை அழையுங்கள். நண்டின் ஓட்டை உடைத்த பிறகு பேச்சு தானாக வருகிறது.

அல்பிரட் ஹவுஸ் வீதியில் கலரி கஃபே. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்த இடம். முற்றங்களைக் கடந்து உள்ளே போகப்போக வீதிச் சத்தம் குறைந்துகொண்டே வரும். கறுத்தப் பன்றிக் கறிக்காக அங்கே போகிறேன். வறுத்த சரக்கின் கரிய வாசனை, மிளகு, கொறக்காய்ப் புளி, கொழுப்பு. இந்த நான்கு பட்டியலிலும் சிவப்பு வைனுக்கு நான் இடம் தருகிற ஒரே தட்டு இது. கொழுப்பு துவர்ப்பை மென்மையாக்கும், வறுத்த வாசனை சிவப்பு வைனோடு கைகோக்கும். ஆனால் கொறக்காய் புளிப்பு. சாப்பாட்டைவிட வைன் புளிப்புக் குறைந்ததாக இருந்தால் வைன் சப்பென்று ஆகிவிடும். ஆகவே பழக்கூழ் போன்ற கனத்த ரகத்தைத் தள்ளிவிட்டு, புளிப்புள்ள மெல்லிய சிவப்பு ஒன்றைக் கேட்கிறேன்.

சிவப்பு வைனைப் பற்றி இன்னொரு வழக்கும் இருக்கிறது. அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று ஐரோப்பியர் எழுதிவைத்தது அவர்களுடைய அறையை நினைத்து. ஏறக்குறைய 16, 18 பாகை. கொழும்பின் மாலை 28 பாகை. வேறொரு ஹோட்டலில் ஐஸ் வாளி கேட்டபோது, ஹட்டனைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மெதுவாகக் குனிந்து சொன்னார்: “சேர், சிவப்பு வைனை ஐஸில் வைப்பதில்லை.”

“தெரியும் தம்பி. கால் மணி நேரம் மட்டும் வையுங்கள். பழி என்மேல்.”

கால் மணி நேரம் கழித்து வந்து ஊற்றினார். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் போனபோது வாளி கேட்காமலே வந்தது.

மாசிக் கருவாடு இருக்கும் எதற்கும் சிவப்பு வேண்டாம். மாசி போட்ட தேங்காய்ச் சம்பலை ஒரு வாய் வைத்துக்கொண்டு கபர்னே என்ற சிவப்பு வைனைக் குடித்துப் பாருங்கள், நாணயத்தை நக்கினது போல இருக்கும். கடலுணவோடு சிவப்பு வைன் நாற்றமடிப்பதற்கு வைனில் உள்ள இரும்புதான் முக்கிய காரணம் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். என் அம்மம்மா ஆய்வு இல்லாமலே மீன் சட்டியையும் பால் சட்டியையும் தனித்தனியே வைத்தவர்.

இனி அறை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன். வெள்ளவத்தையில் காலி வீதிக்கு இரண்டு பக்கமும் நம் ஆட்களின் சாப்பாட்டுக் கடைகள். அங்கே வாங்குகிற நண்டுக் கறி யாழ்ப்பாண முறை: வறுத்து இடித்த மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால், பழப்புளி, கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கையிலை. இதற்குச் சரியான வைன் கொழும்பின் பெரிய பட்டியல்களில்கூட அடிக்கடி கிடைப்பதில்லை. வேண்டியது லேசான இனிப்பும், கூரிய புளிப்பும், குறைந்த மதுசாரமும். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் இருந்து வரும் கபினெட் ரக ரீஸ்லிங் 8 முதல் 10 சதவீதம்வரைதான். இனிப்பு மிளகாயை அடக்குகிறது, புளிப்பு பழப்புளியின் முன்னால் தலைகுனியாமல் நிற்கிறது, தேங்காய்ப்பாலின் வழவழப்பைக் கழுவிவிடுகிறது. சாந்துப் பூச்சுப்போல நாக்கில் நின்ற குழம்பு ஒரு மிடறில் கரைந்து, முருங்கையிலையின் கசப்பு மட்டும் கடைசியாக நின்றது ஒருநாள். ஐந்து கிளாஸ் விருந்தில் அப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கே வாங்குவது? தெருவில் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று பலகை போட்ட கடைகளில் அல்ல. அங்கே கம்பி வலைக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் சாராயமும் பியரும்தான். பலகையில் வைன் மரியாதைக்கு நிற்கிறது. பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளின் மதுப் பகுதியில் தேடுங்கள். வெளிநாட்டில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு, குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் விற்கிற தீர்வையற்ற கடைகளுக்கு நடுவே போத்தலும் கிடைக்கும். திருகு மூடி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். தக்கையைத் திறக்கும் கருவிக்காக இரவு பத்து மணிக்கு வரவேற்பு மேசைக்குத் தொலைபேசி எடுப்பது ஒரு சிறிய அவமானம். வெளிச்சாப்பாட்டையும் வெளிப் போத்தலையும் அறையில் அனுமதிப்பார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்கள் மறுக்கும், சில கட்டணம் கேட்கும்.

அறையின் குட்டிக் குளிர்ப் பெட்டியை நம்பினால் நடுச்சாமம் ஆகிவிடும். வாளியில் ஐஸ் மட்டும் போடாமல் பாதிக்குத் தண்ணீர் விட்டு ஒரு பிடி உப்பும் சேர்த்தால் இருபது நிமிடத்தில் போத்தல் வியர்க்கும். குறை? குளியலறைக் கண்ணாடிக் குவளையில் குடிக்க வேண்டும், நண்டு வாசனை திரைச்சீலையில் ஏறி மறுநாளும் இருக்கும். அறை துப்புரவு செய்கிறவருக்கு நான் கூடுதலாக வைத்துவிட்டு வருவது அதற்காகத்தான்.

வைனே தோற்கிற சாப்பாடும் உண்டு. இனிப்பு, புளிப்பு, மிளகாய் மூன்றும் ஒன்றாக எரிகிற டெவல் இறாலுக்கு எதைக் கொண்டுவந்தாலும் வீண். தென்னஞ்சாராயத்தில் இஞ்சிச் சோடா விட்டு, தேசிக்காய் பிழிந்தால் போதும். ஒரு கிளாஸ் வைனின் விலையில் இரண்டு பேர் குடிக்கலாம்.

பயணத் திகதியை எழுதும் முன்பு நாட்காட்டியில் முழுநிலாவைப் பாருங்கள். போயா தினத்தில் மது விற்பனைக்குத் தடை, நட்சத்திர ஹோட்டலின் விருந்து வரிசைக்கும் அதே சட்டம். என் அடுத்த பயணத்தின் இரண்டாம் இரவு போயா. நண்டை முதல் இரவுக்கு மாற்றி மேசை பதிவு செய்துவிட்டேன். இரண்டாம் இரவுக்கு இடியப்பமும் சொதியும்.