லைட் அணைஞ்சா ரிப்பேர் ஆயிடுச்சுன்னு நம்பாதீங்க: 14,800 ரூபாய் போச்சு

எல்லா கம்பெனி காரும் பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப் அது. செக் இன்ஜின் லைட் எரியுதுன்னு விட்ட பெட்ரோல் காருக்கு 14,800 ரூபாய் வாங்கிக்கிட்டு, ஒரு பார்ட்டைக்கூட மாத்தாம, காரோட கம்ப்யூட்டர் பதிஞ்சு வெச்ச கோளாறு எண்ணை ('கோட்') மட்டும் அழிச்சுக் கொடுத்திருக்காங்க.

வந்த கோட் பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிச்சு இசியு-வுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) சொல்றதே ஆக்ஸிஜன் சென்சார்தான். இவங்க சொன்னது: "சென்சார் போயிடுச்சு சார், முன்னாடி பின்னாடி ரெண்டையும் மாத்தணும்." தீ பிடிச்சிருக்குன்னு கத்தினவன் வாயைக் கட்டுற வேலை.

நம்ப வெச்சது டெலிவரி நேரம்தான். சாவியைத் திருப்பினதும் எல்லா லைட்டும் எரிஞ்சது, ஸ்டார்ட் ஆனதும் அந்த ஆரஞ்சு லைட் அணைஞ்சது. ஸ்கேனர் திரையில் கோட் எதுவும் இல்லைன்னு பச்சையில் காட்டி, "பாத்தீங்களா சார், க்ளீன்" என்றார்கள். கோடை அழிச்ச உடனே எந்தக் காரும் அப்படித்தான் காட்டும். இசியு கத்துவெச்சிருந்த ஃப்யூவல் ட்ரிம்மும் (பெட்ரோலை எவ்வளவு கூட்டணும், குறைக்கணும்ங்கிற திருத்தம்) அதோட பூஜ்யமாகிடும். இந்தக் கோட் ஒரே ஓட்டத்தில் லைட்டை எரிய விடாது. முதல் ஓட்டத்தில் லைட் எரியாம பெண்டிங் கோடா உள்ளே உட்காரும், அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிஞ்சாத்தான் லைட். அந்த இடைவெளியில் பணம் கைமாறிடுது.

லைட் திரும்ப வந்ததும் லைவ் டேட்டா பார்த்தா, லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் ஐடிலிங்கில் +24%, 2,500 ஆர்பிஎம்மில் +6%. ஐடிலிங்கில் ஏறி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தா இறங்குதுன்னா முதல் சந்தேகம் வேக்யூம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று ஓட்டை வழியா இன்ஜினுக்குள் போறது. (ரேஸ் பண்ணும்போது ஏறினா ஃப்யூவல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் தேடணும்.) பார்த்தா, பிசிவி ஹோஸ் (இன்ஜின் அடியில் சேர்ற வாயுவைத் திரும்ப உள்ளே இழுக்கிற ரப்பர் குழாய்) வளைவில், உள்பக்கமா, விரல்நக அளவுக்கு வெடிப்பு. புது ஹோஸ் 280 ரூபாய். போட்டதும் ட்ரிம் இறங்கிடுச்சு. மாத்தினதாச் சொன்ன சென்சார்களோ அப்படியே இருக்கு: கனெக்டர் மேல பழைய சேறு, நட்டில் துரு, ஸ்பேனர் பட்ட கீறல்கூட இல்லை.

போன் பண்ணினா, "பெட்ரோல் சரியில்ல சார், பங்க் மாத்திப் பாருங்க." அப்புறம், "அது வேற கோடா இருக்கும்." பழைய சென்சாரைக் கேட்டா ஸ்கிராப்புக்குப் போயிடுச்சாம். பில்லில் பார்ட் நம்பர் ஏன் இல்லைன்னா மேனேஜர் லீவாம். இப்போ போனே எடுக்கிறதில்லை. 280 ரூபாய் ஹோஸுக்கு 14,800 ரூபாய்!

அவசரத்துக்கு இவ்வளவு சொல்றேன். ஸ்டியரிங் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்கேனர் மாட்டுற 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். ஒரு ப்ளூடூத் அடாப்டர் வாங்கி, காரை விடுறதுக்கு முன்னாடியே கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் (கோட் பதிவான நேரத்து இன்ஜின் அளவுகள்) மொபைல் ஆப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, அழிச்சா ரெண்டும் போயிடும். பழைய பார்ட்டைக் கையில் வாங்காம பணம் கொடுக்காதீங்க. பில்லில் பார்ட் நம்பர் வேணும். டெலிவரியில் லைட்டைப் பார்க்காதீங்க, ஓட்டிப் பார்த்துட்டு பெண்டிங் கோடையும் ட்ரிம்மையும் காட்டச் சொல்லுங்க. லைட் கண்சிமிட்டுற மாதிரி விட்டுவிட்டு எரிஞ்சா அது மிஸ்ஃபயர், சிலிண்டரில் பெட்ரோல் சரியா எரியலைன்னு அர்த்தம். ஓட்டாதீங்க, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துடும். பழைய கார் வாங்கப் போறவங்க ஆப்பில் 'கோட் அழித்தபின் ஓடிய தூரம்' பாருங்க. பத்து இருபது கிலோமீட்டர்னு காட்டினா அட்வான்ஸ் கொடுக்காதீங்க.