பிரேக்கில் புகுந்த காற்றை வெளியே எடுக்க: பெடலா, பிரஷர் கருவியா?

பின்சக்கர பிரேக் குழாயில் திருகி மாற்றும் புரப்போர்ஷனிங் வால்வு (பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு) இருந்தால், எந்த முறையானாலும் முதல் வேலை ஒன்றுதான். சுற்றுகளை எண்ணிக்கொண்டே, பின்பக்கத்துக்கு முழு அழுத்தம் போகும்படி குமிழைத் திறந்துவிடுங்கள். முடிந்ததும் அதே எண்ணிக்கையில் திருப்பி வையுங்கள்.

பெடலை மிதித்து எடுக்கப் பெரும்பாலும் இருவர் வேண்டும், செலவில்லை. ஆனால் பழைய மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளையில்) பெடலைத் தரைவரை மிதித்தால், பிஸ்டன் வழக்கமாகத் தொடாத துருப் பகுதியில் ரப்பர் சீல் உரசிக் கிழியக்கூடும். அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள்.

பிரேக் ஆயில் தொட்டியில் மாட்டி ஆயிலை அழுத்தித் தள்ளும் பிரஷர் கருவிக்கு ஒருவர் போதும். 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் திரவம் இடைவிடாமல் ஓடுவதால், வால்வுக்குள் ஒட்டிய நுண்குமிழிகளும் கண்ணாடிபோன்ற குழாயில் வரிசையாக வெளியேறுவதைக் காணலாம். நான் இதையே தேர்ந்தெடுப்பேன். தொட்டியில் மாட்டும் கருவியின் மூடி இறுகப் பொருந்த வேண்டும். பிரேக் ஆயில் கசிந்தால் பெயின்ட் உரிந்துவிடும்.