மிச்சத்தை எறிவதா, சுமப்பதா: சார் ஏடிசியும் சிக்மா-டெல்டாவும்

மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப்தான் ஏடிசி. அதில் சார் (SAR) வகையைப் பற்றித் தமிழில் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. "இந்த வேலைக்கு சார் போதும்" என்றால் எதிரே இருப்பவர் தன்னைத்தான் சொல்கிறோம் என்று நிமிர்ந்து உட்காருவார். எஸ்-ஏ-ஆர் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே நாக்கு "சார்"க்குத் திரும்பிவிடும். ஆகவே இங்கேயும் சார்தான்.

சாரா, சிக்மா-டெல்டா என்ற இன்னொரு வகை ஏடிசியா என்று தேர்வு செய்யும்போது பெரும்பாலானவர்கள் டேட்டாஷீட்டின் (சிப்பின் விவரக் குறிப்பேட்டின்) முதல் பக்கத்தில் இருக்கும் பிட் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். ஒன்றில் 16, மற்றொன்றில் 24. பெரியதை எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது வேறு: அளந்து முடித்த பிறகு கையில் நிற்கும் மிச்சத்தை இந்த சிப் என்ன செய்கிறது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு அளவு 1 வோல்ட், உள்ளே வருவது 0.3 வோல்ட். 4 பிட் சார் என்பது 8, 4, 2, 1 என்று நான்கு படிக்கற்கள் வைத்திருக்கும் தராசு. 1 வோல்ட்டை 16 பங்காக்கினால் நம் 0.3 வோல்ட் 4.8 பங்கு. 8ஐ வைக்கிறது, தட்டு இறங்குகிறது, எடுத்துவிடுகிறது. 4ஐ வைக்கிறது, இருக்கட்டும். கூட 2, அதிகம், எடு. கூட 1, அதுவும் அதிகம், எடு. விடை 0100, அதாவது 0.25 வோல்ட். மிச்சம் 0.05 வோல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த சாம்பிளுக்கு, அதாவது அடுத்த கணத்தின் அளவீட்டுக்கு, போய்விடுகிறது.

சிக்மா-டெல்டாவிடம் ஒரே ஒரு படிக்கல்தான். ஆனால் கணக்கு நோட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் 0.3ஐக் கூட்டிக்கொண்டே போகும். மொத்தம் 1ஐத் தொட்டால் 1 என்று எழுதி, 1ஐக் கழித்து, மீதியைச் சுமந்து செல்லும். 0.3, 0.6, 0.9 வரை பூஜ்யம். 1.2 ஆனதும் 1, கையில் 0.2. பிறகு 0.5, 0.8, அடுத்து 1.1, மறுபடி 1, கையில் 0.1. பிறகு 0.4, 0.7, 1.0, மீண்டும் 1. பத்துத் துடிப்பில் கிடைத்தது 0001001001. பத்தில் மூன்று ஒன்றுகள்: 0.3. ஒரே பிட், எறிந்தது எதுவும் இல்லை. கொடுத்த விலை நேரம்.

இரண்டும் பழைய யோசனைகள். பெர்னார்ட் கார்டன் 1954இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டாட்ராக் என்ற ஏடிசி சார் முறையில் இயங்கியது: 11 பிட், விநாடிக்கு 50,000 சாம்பிள், வெற்றிடக் குழாய்கள், 500 வாட் மின்சாரம். சிக்மா-டெல்டா வடிவத்தை 1962இல் ஜப்பானில் இனோசே, யசுதா, முரகாமி மூவரும் வெளியிட்டார்கள். ஆனால் அந்த பிட் வரிசையைச் சராசரியாக்கும் டிஜிட்டல் ஃபில்டரை சிப்புக்குள் மலிவாக வைக்க முடிந்த பிறகுதான் அது பரவியது.

இரண்டின் வயிற்றுக்குள்ளும் ஒரு டிஏசி, அதாவது எண்ணைத் திரும்ப மின்னழுத்தமாக்கும் சுற்று, இருக்கிறது. சண்டையின் மையம் அதுதான். சாருக்குத் தன் டிஏசியை விட நல்ல புத்தி கிடையாது. படிக்கல் தப்பானால் எடையும் தப்பு. சாரின் டிஏசியில் படிக்கற்கள் கெபாசிட்டர்கள்தான். 16 பிட் சாரில் பெரிய கெபாசிட்டர் 32,768 அலகு. மற்றவை எல்லாம் சேர்ந்து 32,767. பெரியது வெறும் 0.01 சதவீதம் பிசகினாலே அளவின் நட்டநடுவில் 3 எண்ணிக்கைக்கு (மிகச் சிறிய படிக்கு) மேல் ஒரு பள்ளமோ மேடோ விழும். சிலிக்கானில் அவ்வளவு துல்லியமாக ஒரே அச்சாக கெபாசிட்டர் வார்ப்பது கடினம். அதனால்தான் உயர்தர சார்களில் தொழிற்சாலையிலேயே அல்லது சிப் விழித்தெழும்போதே அளவீட்டுத் திருத்தம் நடக்கிறது.

சிக்மா-டெல்டாவின் ஒரு பிட் டிஏசிக்கு இரண்டே நிலைகள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு போட்டால் அது நேர்கோடாகத்தான் இருக்கும், வளைய வழியே இல்லை. இந்த எளிமையை நான் எப்போதும் ரசிப்பேன். இரைச்சலைக் குறைக்க 3 பிட், 4 பிட் டிஏசி வைத்தால் இந்த வரம் போய்விடும்; அப்போது உறுப்புகளை ஒவ்வொரு துடிப்பிலும் மாற்றி மாற்றி வேலை வாங்கிப் பிழையைச் சராசரியாக்க வேண்டும்.

மிச்சத்தைச் சுமக்கும் தந்திரம் டிஏசி பக்கமும் வேலை செய்யும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி, 1982இல் வந்த பிலிப்ஸின் முதல் சிடி பிளேயர். வட்டில் இருப்பது 16 பிட். உள்ளே இருந்த டிஏசி 14 பிட்தான். சாம்பிள் வேகத்தை 4 மடங்காக்கி, வெட்டி விட்ட பிட்களை அடுத்த சாம்பிளில் சேர்த்துக்கொண்டே போய் அந்தக் குறையை ஈடுகட்டினார்கள்.

உள்ளீட்டுப் பக்கம் வந்தால் சார் கொஞ்சம் முரட்டு ஆள். சாம்பிள் எடுக்கும் கணத்தில் தன் கெபாசிட்டரைச் சட்டென்று உங்கள் சிக்னலோடு இணைத்து மின்னூட்டத்தை இழுக்கும். நான் ஒரு முறை 10 கிலோ ஓம் மின்தடை உள்ள சென்சாரை நேரடியாக மல்டிபிளெக்சர் (பல சேனல்களை ஒவ்வொன்றாக ஏடிசியோடு இணைக்கும் சுவிட்ச்) வழியே 16 பிட் சாரில் கட்டினேன். உள்ளே 30 பிகோஃபாரட். இரண்டையும் பெருக்கினால் நேர மாறிலி 300 நானோவிநாடி. அரை எண்ணிக்கைக்குள் அமைதியடைய ஏறத்தாழ 12 நேர மாறிலிகள் வேண்டும், 3.6 மைக்ரோவிநாடி. நான் கொடுத்ததோ 300 நானோவிநாடி. மூன்றாவது சேனலைத் தொட்டால் நான்காவது சேனல் ஆடியது. இரண்டு நாள் மென்பொருளைத் திட்டினேன். சரிசெய்தது அரை மணி நேர வேலை: சிக்னலைத் தாங்கித் தரும் ஒரு ஆப்-ஆம்ப் (பெருக்கி சிப்), ஒரு சிறு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர்.

சாம்பிள் வேகத்தில் பாதிக்கு மேல் அதிர்வெண் உள்ள எதுவும் சாரில் மடிந்து வந்து சிக்னலோடு கலந்துவிடும், அதைப் பிறகு பிரிக்க முடியாது. எனவே அனலாக் ஃபில்டர் செங்குத்தாக வெட்ட வேண்டும். சிக்மா-டெல்டா மிக வேகமாகச் சாம்பிள் எடுப்பதால் அந்தக் கவலை வெகு தூரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டருமே போதும்.

இதற்கெல்லாம் சேர்த்து சிக்மா-டெல்டா பழி வாங்கும் இடம் மல்டிபிளெக்சர். சுமந்து வரும் மிச்சம் எந்த சேனலுடையது? பழைய சேனலுடையது! மூன்றாம் படி சிங்க் ஃபில்டர் (சராசரியாக்குவதை மூன்று அடுக்காகச் செய்வது) என்றால் சேனல் மாற்றிய பிறகு மூன்று முடிவுகளுக்கான நேரம் காத்திருந்தால்தான் நம்பத்தக்க விடை. விநாடிக்கு 10 விடை தரும் அமைப்பில் அது 300 மில்லிவிநாடி. எட்டு சேனலைச் சுற்றி வர 2.4 விநாடி. மோட்டார் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வளையத்தில் இதை வைத்தால், செய்தி வந்து சேரும்போது மோட்டார் எங்கோ போயிருக்கும். விநாடிக்கு 10 லட்சம் சாம்பிள் எடுக்கும் சார் அதே எட்டையும் 8 மைக்ரோவிநாடியில் சுற்றி முடித்துவிடும். எந்த சாம்பிளும் முந்தையதை நினைவில் வைத்திருக்காது. பேட்டரியில் ஓடும் கருவிக்கும் சார் பிடிக்கும்: அரிதாகக் கேட்டால் அரிதாகத்தான் மின்சாரம் செலவழிக்கும்.

சரி, எடை பார்க்கும் வேலைக்கு வருவோம். 5 வோல்ட் கொடுத்தால் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் லோட்செல் (எடையை மின்னழுத்தமாக்கும் சென்சார்), முழு எடை 5 கிலோவில் தருவது 10 மில்லிவோல்ட். 5 வோல்ட் ரெஃபரன்ஸுடன் (ஏடிசி ஒப்பிட்டு அளக்கும் நிலையான மின்னழுத்தம்) 16 பிட் சாரில் ஒரு எண்ணிக்கை 76 மைக்ரோவோல்ட். 5 கிலோவுக்கு மொத்தம் 131 எண்ணிக்கை, ஒவ்வொன்றும் 38 கிராம். முன்னால் 400 மடங்கு பெருக்கி வைக்கலாம். பிறகு அந்தப் பெருக்கியின் வெப்ப நகர்வு உங்கள் தலைவலி. உள்ளேயே 128 மடங்கு பெருக்கம் உள்ள 24 பிட் சிக்மா-டெல்டாவின் இரைச்சல் 50 நானோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். உச்சிக்கு உச்சி ஏறத்தாழ 330 நானோவோல்ட். 10 மில்லிவோல்ட்டில் 30,000 படிகள், ஒரு படி 0.17 கிராம். கூடவே விநாடிக்கு 10 விடை என்ற வேகத்தில் 50, 60 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சல் இரண்டையும் ஃபில்டரே விழுங்கிவிடும். இங்கே போட்டியே இல்லை. ஆனால் 24 பிட் என்று விற்கப்பட்ட சிப்பில் இந்த 10 மில்லிவோல்ட்டுக்குள் ஆடாமல் நிற்பது 15 பிட் கூட இல்லை. மீதி ஒன்பதும் டேட்டாஷீட்டின் அலங்காரம்.

மேம்படுத்தும் வழிகளிலும் இரண்டும் வெவ்வேறு சாலையில் போகின்றன. வெறும் ஓவர்சாம்பிளிங்கில் (தேவைக்கு மேல் சாம்பிள் எடுத்துச் சராசரியாக்குவதில்) வேகத்தை இரட்டித்தால் அரை பிட் கிடைக்கும். மிச்சத்தை ஒரு முறை சுமந்தால் ஒன்றரை பிட், இரண்டு முறை சுமந்தால் இரண்டரை. இன்னும் மேலே போனால் வளையம் நிலை தடுமாறத் தொடங்கும், ஒரு பிட் டிஏசியில் குறிப்பாக. சாரில் படிக்கற்களைச் சரியாக இரட்டிப்பு விகிதத்தில் வைக்காமல் கொஞ்சம் மேற்படிய விட்டால், அவசரத்தில் எடுத்த முதல் முடிவு தவறானாலும் பின்னால் வரும் சிறிய கற்கள் அதைத் திருத்திவிடும். இன்னொரு சுவர் இயற்பியல் கட்டியது: 10 பிகோஃபாரட் கெபாசிட்டரில் அறை வெப்பநிலையில் சாம்பிள் எடுத்தாலே 20 மைக்ரோவோல்ட் இரைச்சல். 2.5 வோல்ட் 16 பிட்டின் குவாண்டைசேஷன் இரைச்சலான (படிகளாக்குவதால் வரும் பிழை) 11 மைக்ரோவோல்ட்டை விட அதிகம். அதைப் பாதியாக்க கெபாசிட்டர் 4 மடங்காக வேண்டும். அப்போது உள்ளீட்டு ஆப்-ஆம்ப்பும் பருக்க வேண்டும்.

மிச்சத்தை எறியாத சாரும் வந்துவிட்டது. கடைசி ஒப்பீட்டுக்குப் பிறகு கெபாசிட்டரிலேயே தங்கியிருக்கும் அந்தப் பிழையை ஃபில்டர் செய்து அடுத்த சாம்பிளோடு சேர்ப்பது. ஃப்ரெடன்பர்க்கும் ஃப்ளினும் 2012இல் வெளியிட்ட வடிவம் இந்த வழியைப் பிரபலமாக்கியது. இரைச்சல் குறைகிறது, ஆனால் சாருக்கு நினைவாற்றல் வந்துவிட்டதால் மல்டிபிளெக்சரோடு இருந்த சுமுகம் போய்விடுகிறது.

ஃப்ளாஷ், பைப்லைன் என்ற மற்ற இரண்டு ஏடிசி வகைகளும் வேறு வேக உலகம். 8 பிட் ஃப்ளாஷுக்கு 255 கம்பேரேட்டர் (ஒப்பிடும் சுற்று) வேண்டும். பைப்லைன் மிச்சத்தைப் பெருக்கி அடுத்த கட்டத்திடம் தள்ளிவிடும். விநாடிக்குப் பல கோடி சாம்பிள் தேவைப்படாதவர்கள் இங்கே நேரம் செலவழிக்க வேண்டாம்.

என் பலகையில் இப்போது இரண்டும் இருக்கின்றன: மோட்டார் மின்னோட்டத்துக்கு சார், லோட்செல்லுக்கு சிக்மா-டெல்டா, இரண்டுக்கும் ஒரே ரெஃபரன்ஸ். அந்த ரெஃபரன்ஸ் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு நகர்கிறது. பெட்டி 10 டிகிரி சூடானால் 16 பிட் முழு அளவில் 6.5 எண்ணிக்கை. லோட்செல்லுக்கு மின்சாரம் கொடுப்பதும் அதே ரெஃபரன்ஸ்தான் என்பதால் அங்கே நகர்வு தானாகக் கழிந்துவிடுகிறது. சார் பக்கம் அப்படியே தெரிகிறது. இப்போதைக்கு அதன் பக்கத்தில் ஒரு வெப்பநிலை சென்சார் ஒட்டி வைத்திருக்கிறேன்.