செம்மண், ஒட்டுக்கன்று என்று சொல்லி 18,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள், ஜாக்கிரதை

கை இன்னும் நடுங்குகிறது, இருந்தாலும் இப்போதே எழுதிவிடுகிறேன். குரோம்பேட்டை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கூடுவாஞ்சேரி பக்கம் சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம். கொல்லைப்புறம் முழுக்க ஜல்லியும் சிமெண்டும் இறுகிக் கிடந்ததால் மண் மாற்றியே ஆக வேண்டும். மண்ணிலிருந்து செடி வரை எல்லாம் தாங்களே செய்து தருவதாக விளம்பரம் போடும் ஒரு நர்சரியைக் கூப்பிட்டோம். ஒரு லோடு செம்மண், மண்புழு உரம், இமாம்பசந்த் மாவில் ஒட்டுக்கன்று (நல்ல மரத்துக் கிளையை வேறொரு கன்றில் வெட்டிச் சேர்த்தது) இரண்டு, எலுமிச்சை, கொய்யா எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். முழுப் பணமும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள்.

வந்தவர் பேசிய பேச்சு அப்படி. அம்மாவிடம் ஊர் எது என்று கேட்டார். திண்டிவனம் பக்கம் என்றதும், "நாங்களும் அந்தப் பக்கந்தாம்மா" என்றார். பையிலிருந்து ஒரு பிடி செம்மண்ணை எடுத்து அம்மா கையில் வைத்து, "பிசைஞ்சு பாருங்கம்மா, நம்ம ஊர் கொல்லை மண்ணு மாதிரியே இருக்கும்" என்றார். மாங்கன்றின் தண்டில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்த இடத்தைக் காட்டி, "இதாம்மா ஒட்டு. மூணே வருஷத்துல காய் பறிக்கலாம்." அம்மா காபி போட எழுந்துவிட்டார். இப்படிப் பேசுகிற ஆள்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

லோடு இருட்டின பிறகுதான் வந்தது. கொட்டிவிட்டு உடனே கிளம்பிவிட்டார்கள். கன்று வைக்கக் குழி எடுத்தால், மேலே அரை அடிதான் செம்மண். அதற்குக் கீழே உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, ஒயர். யாரோ வீட்டை இடித்த குப்பை!

சந்தேகம் வந்து மாங்கன்றின் நாடாவையும் பிரித்தேன். உள்ளே வழவழவென்று ஒரே தண்டு. வெட்டிச் சேர்த்த தழும்பே இல்லை. கொட்டை போட்டு முளைத்த கன்றுக்கு நாடா சுற்றி விற்றிருக்கிறார்கள். இது காய்க்க ஆறேழு வருஷம்கூட ஆகும், காய்த்தாலும் இமாம்பசந்தாக இருக்காது. அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

போன் செய்தால் முதலில் "மண்ணு செட் ஆகட்டும் சார்." அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல." போட்டோ அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதில் இல்லை. கடைசியில், "செடிக்கெல்லாம் யாரும் கேரண்டி தர மாட்டாங்க சார்" என்று வைத்துவிட்டார். நான் கேட்டது கேரண்டியா? கொடுத்த 18,500 ரூபாய்க்குச் சொன்ன பொருளைத்தானே கேட்டேன்!

புது வீட்டில் தோட்டம் போடுகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு சரியில்லை. லோடு பகலில்தான் வர வேண்டும், கொட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நாடாவைப் பிரித்து ஒட்டுத் தழும்பைப் பார்க்காமல் கன்று வாங்காதீர்கள். முடிந்தால் அரசு தோட்டக்கலைப் பண்ணையில் வாங்குங்கள். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்திருக்கிறேன். இந்தக் குப்பையை அள்ளிப்போட இப்போது ஆள் தேடுகிறேன். 18,500 போக, அதற்கு வேறு தனிச் செலவு.