காலையில் மட்டும் கேட்ட சத்தம்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்குப் போன இந்தப் பயணத்தில் மற்ற வேலைகளெல்லாம் நினைத்ததைவிட எளிதாக முடிந்துவிட்டன. அண்ணனுடைய காரின் இன்ஜின் மட்டும் முழுதாக ஐந்து நாள்களை எடுத்துக்கொண்டது. காலையில் முதன்முதலாகச் சாவியைத் திருப்பியதும் இரும்பை இரும்பால் தட்டுவதுபோல் மூன்று நான்கு விநாடிகள் 'டக டக' என்று சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். அதன் பிறகு அன்று முழுவதும் எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் சத்தம் வராது.

முதலில் போனது கண்ணாடிச் சுவர்களும் வரவேற்பறையும் உள்ள பெரிய பணிமனை ஒன்றுக்கு. அரை மணி நேரம் ஓட்டிச் சென்றதால் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது. கணினியை இணைத்துப் பார்த்தார்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. கைப்பேசியில் நான் பதிவு செய்து வைத்திருந்த சத்தத்தை ஒரு முறை கேட்டுவிட்டு, "கனெக்டிங் ராடு பேரிங் (பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் தண்டின் தாங்கி) போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்" என்று அங்கிருந்த இளைஞர் சொன்னபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. நான் வசிக்கும் நாட்டில் இப்படி ஒரு புகாரைச் சொன்னால், முந்தைய நாள் மாலையே வண்டியைக் கொண்டுவந்து விடச் சொல்வார்கள். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் அவர்களே எடுத்துக் கேட்பார்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் சத்தத்தைச் சூடான இன்ஜினில் தேடிவிட்டு, காதால் கேட்காத ஒன்றுக்காக இன்ஜினையே பிரிக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்பாவின் காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்த்துவந்த மெக்கானிக் ஐயா இப்போது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். இருந்தும், சொன்னதும் மறுநாள் விடியும்போதே வந்து நின்றார். "தம்பி, நான் சொல்கிறவரை சாவியைத் தொடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் அது பேசும்" என்றார். நீளமான திருப்புளியின் முனையை இன்ஜினின் மேல்மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக்கொண்ட பிறகே எடுக்கச் சொன்னார். சிறுவயதில் நான் வாய்பிளந்து பார்த்த அதே காட்சி. நான் வசிக்கும் நாட்டில் வாடிக்கையாளர் பட்டறைக்குள் கால் வைக்கவே முடியாது. இங்கே மறுநாள் காலை அந்தத் திருப்புளியை என் காதில் வைத்தே கேட்கச் சொன்னார். முதல் முறை மேலே, இரண்டாம் முறை கீழே, ஆயில் தேங்கும் சம்ப் பக்கம். மேலே கணீரென்று வந்த தட்டல் கீழே மங்கலாகத்தான் கேட்டது.

அவர் வேறொன்றையும் கவனிக்கச் சொன்னார். டாஷ்போர்டில் உள்ள, ஆயில் அழுத்தம் ஏறியதும் அணையும் சிவப்பு விளக்கு வழக்கத்தைவிடத் தாமதமாக அணைந்தது; அது அணைந்த கணத்திலேயே சத்தமும் நின்றது. பேரிங் தேய்ந்திருந்தால் இன்ஜின் சூடாகி ஆயில் இளகும்போது சத்தம் கூடத்தான் செய்யும், ஆழத்திலிருந்து கனமாக வரும். பிஸ்டன் உருளையில் மோதும் சத்தமென்றால், பிஸ்டன் சூட்டில் விரிந்து இடைவெளி குறைய வேண்டும். அதற்குச் சில விநாடிகள் போதாது. ஆகவே இரவில் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிடுவதால், காலையில் அழுத்தம் ஏறும்வரை வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்களும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வறண்டு தட்டுகின்றன என்று அவர் முடிவு செய்தார். கடந்த முறை ஆயில் மாற்றியபோது என்ன ஃபில்டர் போட்டார்கள் என்று கேட்டார். கையில் கிடைத்ததைப் போட்டதாக அண்ணன் சொன்னார். பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று நினைத்து, கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்க, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொன்னதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். இதில் அண்ணன்மீதும் எனக்கு வருத்தம் உண்டு.

ஐயா இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றவில்லை. எது காரணம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக முதலில் ஃபில்டரை மட்டும் மாற்றினார். கழற்றியதை என் கண்முன்னே அறுத்துக் காட்டினார். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு விறைத்துப்போயிருந்தது. விரலால் வளைத்ததும் விளிம்பு பிளந்தது. இந்த இன்ஜினில் ஃபில்டர் பக்கவாட்டில் படுத்திருப்பதால், அந்த ரப்பர் கெட்டால் ஆயில் நிற்க வழியே இல்லை. புதிய ஃபில்டர் காலியாக இருப்பதால் முதல் முறை எடுக்கும்போது சத்தம் வரத்தான் செய்யும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் காலையில் ஒரு விநாடிக்கும் குறைவாக ஒரு சிறு தட்டல் மட்டும் எஞ்சியது. அன்றே ஆயிலையும் கையேட்டில் உள்ள தரத்துக்கு மாற்றினார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் மூவரும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். அண்ணன் சாவியைத் திருப்பினார்; சிவப்பு விளக்கு உடனே அணைந்தது, சத்தமே இல்லை. அடுத்த முறை யாரும் கையில் கிடைத்ததைப் போட்டுவிடக் கூடாது என்று, ஃபில்டரின் பாக எண்ணையும் ஆயில் தரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, பானட்டின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.