ஜூரிகளை ஓட்டலில் வைப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா?

அமெரிக்காவில் பரபரப்பான கொலை வழக்கு வந்தால் கூடவே வரும் கேள்வி இது. ஜூரிகள் என்றால், விசாரணையைக் கேட்டு ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள். வெளிச்செய்தியும் பேச்சும் அவர்கள் மனதை மாற்றிவிடக் கூடாது என்று, வழக்கு முடியும்வரை ஓட்டலில் தங்கவைப்பதும் உண்டு.

செலவு
ஓட்டல்: அறை, சாப்பாடு, காவல் எல்லாம் அரசுக் கணக்கு. 2013-ல் ஃபுளோரிடாவின் ஜிம்மர்மேன் கொலை வழக்கில் 6 ஜூரிகளுக்கு மூன்று வாரத்துக்கே சுமார் 33,000 டாலர்.
வீடு: தினப்படியோடு சரி.

வெளித்தொடர்பு
ஓட்டல்: வழக்குச் செய்தியை வெட்டியெடுத்த பத்திரிகைதான் கைக்கு வரும். போன் பேச்சுக்கும் கண்காணிப்பு உண்டு.
வீடு: நீதிபதியின் எச்சரிக்கை மட்டுமே வேலி, செல்போனோ சட்டைப் பையிலேயே இருக்கிறது. 2011-ல் இங்கிலாந்தில், வழக்கில் விடுதலையான பெண்ணோடு ஃபேஸ்புக்கில் பேசிய ஜூரிக்கு 8 மாதச் சிறை. 2015-ல் அங்கே ஜூரி வழக்கைப் பற்றி இணையத்தில் தேடுவதையே குற்றமாக்கிவிட்டார்கள். 2 ஆண்டு வரை உள்ளே போகலாம்.

மனநிலை
ஓட்டலின் பெரிய ஓட்டை இதுதான். 1995-ல் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ. ஜே. சிம்சன் மீதான கொலை வழக்கின் ஜூரிகள் 265 நாள் அடைபட்டுக் கிடந்தார்கள். தங்களுக்குக் காவலிருந்தவர்களை மாற்றியதை எதிர்த்துப் பலர் கறுப்பு உடையில் நீதிமன்றம் வந்தார்கள். இடையில் 10 பேர் மாற்றப்பட்டார்கள். இத்தனைக்கும் அப்புறம், தீர்ப்பை முடிவுசெய்ய 4 மணி நேரம்கூட ஆகவில்லை! வீட்டு ஞாபகமும் அவசரப்படுத்தியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.
வீடு: இந்தப் புழுக்கம் இல்லை.

சாதாரண வழக்குக்கு வீடே போதும். ஊரே கொதிக்கும் குறுகிய வழக்குக்கு ஓட்டல். நீண்டு போகும் பெரிய வழக்கென்றால், 2021-ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்ற போலீஸ்காரர் ஷோவின் வழக்கில் செய்ததுபோல விசாரணை வரை வீடு, முடிவெடுக்க உட்காரும்போது ஓட்டல்.